காக்கையைக் காணும் கலை

(வெள்ளிவிழாவின் இரண்டாம் நாள் இளைஞர் அரங்கில் நிகழ்த்திய உரை)



இவ்வரங்கில் எப்பொருள் குறித்துப் பேசப் போகிறீர்கள் என்று செயலாளர் அவர்கள் கேட்டபோது, "வனவிலங்குப் புகைப்படத் தொழில்" என்றோம். அவர்கள் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அது நம் பிள்ளைகளுக்குச் சோறு போடுமா?" என்றார்கள். நேர்மையான கேள்வி. நமக்கு முன்னே பேசியவர்கள் மருத்துவம், பொறியியல், அரசுப் பணித் தேர்வு ஆகியவை பற்றி விரிவாகச் சொன்னார்கள். அவற்றை விட்டுவிட்டு இப்பக்கம் வாருங்கள் என்றழைக்க நாம் வரவில்லை. ஆயினும் செயலாளர் அவர்களின் கேள்விக்கு விடை கூறாமல் மேடையை விட்டு இறங்கமாட்டோம்.

இன்னொரு கேள்வியும் உண்டு. அதனைக் கேட்டவர் நம் தெருவைச் சேர்ந்த மூதாட்டியார் ஒருவர். காமிராவைத் தோளில் மாட்டிக்கொண்டு விடியலில் ஏரிக்கரைக்குக் கிளம்பிய நம்மைப் பார்த்து, "மனுசரைப் பாக்கவே ஆளில்ல, நீ மாட்டையும் காக்காயையும் பாக்கப் போறியாப்பா?" என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் அந்தச் சிரிப்பிற்குள் இருந்தது சிறிய துயரமன்று.

1927ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 20ஆம் நாள், இன்றைய மகாராட்டிரத்தைச் சேர்ந்த மகத் என்னும் ஊரில் சவுதார் குளத்து நீரை அண்ணல் அம்பேத்கர் அள்ளிப் பருகினார். அக்குளத்தில் மாடு குடிக்கலாம், நாய் குடிக்கலாம்; நம்மவர் மட்டும் குடிக்கலாகாது என்றிருந்த கொடுமையை உடைத்த நாள் அது. விலங்கிற்கும் கீழே மனிதனை வைத்த ஒரு நாட்டில், விலங்கை நேசியுங்கள் என்று நம்மிடம் சொல்லும் தகுதி எவர்க்கு உண்டு? மூதாட்டியாரின் கேள்விக்கு வேர் அங்கேதான் இருக்கிறது. இதற்கு நாம் கண்ட விடை ஒன்றுதான். குளத்தில் வாய்வைத்த மாடு அந்த விதியை வகுக்கவில்லை. வகுத்தவன் மனிதன். மேலும், எந்த உயிர்கள் உயர்ந்தவை, எவை இழிந்தவை என்று வரிசை வகுத்தவனும் அதே மனிதன்தான். அந்த வரிசையில் நம்மோடு சேர்த்துக் கீழே தள்ளப்பட்ட உயிர்கள் பல. எருமை, கழுதை, பன்றி, காக்கை, ஆந்தை என்ற இப்பெயர்களில் வசைச் சொல்லாகாத பெயர் ஒன்றைச் சொல்லுங்கள் பார்ப்போம்!

சட்டத்தின் மொழியும் இதற்கு விலக்கன்று. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ஐந்தாம் அட்டவணை என்று ஒன்றிருந்தது. காகம், பழந்தின்னி வௌவால், சுண்டெலி, எலி ஆகியவை அதில் தீங்குயிர்கள் என்று குறிக்கப்பட்டு நெடுங்காலம் கிடந்தன. அட்டவணையில் உள்ளதைக் கொல்லக் கேள்விமுறை இல்லை. 2022இல் நிறைவேறிய திருத்தம் 2023 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தபோதுதான் அந்த அட்டவணை நீங்கிற்று. ஓர் உயிரைத் தீங்குயிர் என்று தனியே அறிவிக்கும் அதிகாரம் மைய அரசிடம் இன்றும் உண்டு என்பது வேறு. மனிதக் குடிகளையே குற்றப் பரம்பரையென்று 1871ஆம் ஆண்டு தொடங்கி ஆங்கிலேயர் அட்டவணை போட்டதும், அச்சட்டம் 1952 வரையில் உயிரோடிருந்ததும் இதே மண்ணில்தான். அட்டவணையில் எழுதிவிட்டால் அப்புறம் எவரும் முகத்தை ஏறிட்டுப் பார்ப்பதில்லை. புகைப்படக் கலை என்பதோ ஏறிட்டுப் பார்ப்பதில்தான் தொடங்குகிறது.

நாம் தொழில் கற்ற இடம் ஒரு சிறு நகரத்து ஸ்டுடியோ. அங்கே முதலாளி நமக்குக் கற்பித்த முதற்பாடம், நம் தெருப் பெண்கள் மணக்கோலத்தில் வந்து அமர்ந்தால் விளக்கை முகத்துக்கு நேரே திருப்பு, அச்சிடும்போது இரண்டு பங்கு வெளுக்க வை என்பதே. வெளுத்த முகத்தில் மூக்கும் கன்னமும் எங்கே போயின என்று எவரும் கேட்டதில்லை. பிற்காலத்தில்தான் அறிந்தோம்: வண்ணப் படச்சுருள் செய்த மேலைநாட்டு நிறுவனங்கள், நிறம் சரியாக விழுகிறதா என்று ஒத்துப்பார்க்க அச்சகங்களுக்கு அனுப்பிய மாதிரி அட்டையில் வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தையே நெடுங்காலம் வைத்திருந்தன. அந்தத் தோலுக்கு ஒத்துவந்தால் போதும். கறுத்த தோல் எப்படி விழுந்தாலும் கவலையில்லை. ஆக, குறை நம் முகத்தில் இல்லை, அளவுகோலில்தான் இருந்தது.

இந்த உண்மையை நமக்கு உணர்த்தியது மணப்பெண்ணன்று, ஓர் எருமை. பக்கத்து வீட்டு எருமை ஏரி நீரில் கழுத்தளவு கிடந்தது. உச்சி வெயில். அதனைப் படமெடுத்துக் கழுவிப் பார்த்தால், வெள்ளைத் தண்ணீருக்கு நடுவே கரிக்கட்டை ஒன்று மிதக்கிறது; கண்ணுமில்லை, காதுமில்லை. ஏன் அவ்வாறாயிற்று? காமிராவினுள் இருக்கும் ஒளிமானிக்கு எருமை, கொக்கு என்ற வேறுபாடு தெரியாது. தன் முன் உள்ளதையெல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே வைத்துக் கணக்கிடும். நீரின் மேல் தகதகக்கும் வெயிலைக் கண்டு, "ஒளி மிகுதி" என்று அது வாயிலைச் சுருக்கிவிட்டது. எருமைக்குக் கிடைக்கவேண்டிய ஒளி கிடைக்கவில்லை. வெண்கொக்கு சட்டம் முழுதும் நிறைந்து நின்றால் அதே கருவி கொக்கை அழுக்குத் துணியாக்கும். எருமை சட்டத்தை நிறைத்து நின்றாலோ ஒளியை அளவுக்கு மேல் கூட்டி எருமையை வெளிறவைக்கும். கருவியின் கணக்கை அப்படியே நம்புகிறவன் கறுப்பையும் எடுக்கமாட்டான், வெள்ளையையும் எடுக்கமாட்டான். எதன்மீது எவ்வளவு ஒளி விழுகிறது என்பதைத் தன் கண்ணால் அளந்து, கருவியைத் திருத்தவேண்டும். மறுநாள் காலை ஆறரை மணிக்குச் சாய்வெயிலில் முழங்கால் நீரில் இறங்கி, எருமையின் கண்மட்டத்துக்குக் காமிராவைத் தாழ்த்தி எடுத்தோம். அதன் நெற்றி மயிர், மூக்கின் ஈரம், கொம்பின் வரிகள் அனைத்தும் விழுந்தன. அந்தப் படம் இன்று நம் கழக நூலகத்தில் தொங்குகிறது. அதன்பிறகு ஒரு மணப்பெண்ணையும் நாம் வெளுக்க வைத்ததில்லை. ஸ்டுடியோவில் அதற்காக வேலை போயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

காக்கையும் அவ்வாறே. கறுப்பு என்று ஒரு சொல்லால் முடித்துவிடுகிறோம். ஊர்க்காக்கையின் கழுத்தும் மார்பும் சாம்பல் நிறம். அண்டங்காக்கை முழுதும் கறுப்பு, அலகு தடித்தது. காலைச் சாய்வெயில் பட்டால் இறகின்மேல் நீலமும் ஊதாவும் ஓடும். சித்திரை வைகாசியில் காக்கைக் கூட்டினருகே குயில் சுற்றுவதைக் காணலாம். கரிய ஆண்குயில் காக்கையை வம்புக்கு இழுக்க, புள்ளிகள் நிறைந்த பெண்குயில் ஓசையின்றி வந்து முட்டையிட்டுச் செல்லும். காக்கை அதனையும் அடைகாத்துத் தன் குஞ்சுக்கு ஊட்டுவதுபோல ஊட்டும். கவிஞர்கள் புகழ்வது குயிலை. சோறூட்டி வளர்த்தது காக்கை. இதை ஒரு படத்தொடராக எடுத்தவர் எத்தனை பேர்? உங்கள் வீட்டு வேப்பமரத்தில் நடப்பதாயிற்றே!

மடையானைப் பாருங்கள். மடையில் நிற்பதால் மடையான் என்பார்கள். நம் பிள்ளைகளோ மடையன் என்று கேலிப்பெயராக்கிவிட்டார்கள். பழுப்பு முதுகோடு வரப்பில் அசையாது நிற்கும்போது நான்கடித் தொலைவில்கூடக் கண்ணுக்குத் தெரியாது. எழுந்து பறந்தால் சிறகிரண்டும் தூய வெள்ளை! மண்ணாங்கட்டி ஒன்று வெண்கொடியாய் விரிவதுபோலத் தோன்றும். அந்த ஒரு நொடியை எடுக்க நாம் பதினோரு நாள் அதே வரப்பில் அமர்ந்தோம். எருமையின் காலடியில் நடக்கும் உண்ணிக்கொக்கு இன்னொரு வியப்பு. எருமை புல்லைக் கலைக்கும்போது எழும் பூச்சியை அது பிடிக்கிறது. தனியே தேடுவதினும் குறைந்த நடையில் நிறைந்த இரை. இப்பறவை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆப்பிரிக்காவிலிருந்து தானே கடல் கடந்து தென் அமெரிக்காவில் குடியேறிவிட்டது. எவரிடமும் அனுமதி கேட்கவில்லை.

இத்தொழிலின் வரலாற்றில் முன்னே நிற்பவர்களும் புலி எடுத்துத் தொடங்கியவர்கள் அல்லர். இங்கிலாந்தில் யார்க்ஷயர்ப் பகுதிச் சிற்றூரொன்றில் வேளாண்குடியில் பிறந்தவர்கள் ரிச்சர்டு கியர்ட்டன், செர்ரி கியர்ட்டன் என்னும் உடன்பிறந்தார். மூத்தவர் சிறுவயதில் இடுப்பில் அடிபட்டுக் கால் ஊனமானவர். 1892ஆம் ஆண்டு அவர்கள் எடுத்தது, சாதாரணப் பாடும் பறவை ஒன்றின் கூடும் முட்டைகளும். 1895இல் பறவைக் கூடுகளைப் பற்றிய அவர்களின் நூல் முழுவதும் புகைப்படங்களோடு வெளிவந்தது. அதற்கு முன் அவ்வாறு வந்த நூல் கிடையாது. பறவைகள் அஞ்சாதிருக்க, 1900ஆம் ஆண்டளவில் ஓர் எருதின் தோலைச் சட்டத்தில் விரித்து, அதன் வயிற்றுக்குள் காமிராவோடு நின்று படமெடுத்தார்கள். இதைப் படித்த அன்று நாம் நெடுநேரம் சிரித்தோம். பின்பு சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு நாட்டில் மாட்டுத் தோலுக்குள் புகுந்து நின்றவர் ஒரு கலைக்கு முன்னோடி ஆனார். நம் நாட்டில் மாட்டுத் தோலைத் தொட்டவர் ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டார்.

நம் மொழிக்காரர்களில் மா. கிருஷ்ணன் அவர்களைக் கூறவேண்டும். 1912இல் பிறந்து 1996இல் மறைந்தவர், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மைந்தர். கற்ற குடும்பம், ஆங்கிலப் புலமை இவையெல்லாம் அவருக்குப் பிறப்பிலேயே வாய்த்தன, அதை மறைக்கவேண்டியதில்லை. ஆனால் நிலையான உத்தியோகத்தை விட்டு, 1950 முதல் எழுத்தையும் படத்தையும் நம்பி வாழ்ந்தார். கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' இதழில் அவர் எழுதிய பத்தி, அவர் இறந்த நாள்வரை, நாற்பத்தாறு ஆண்டுகள் வெளிவந்தது. காட்டு யானையை எழுதிய அதே கையால் காக்கையையும் அணிலையும் ஊர்நாயையும் எழுதினார். எதற்கும் மதிப்பில் குறைவைக்கவில்லை. படங்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. பல உறுப்புகளைச் சேர்த்துத் தாமே பொருத்திக்கொண்ட கனத்த காமிரா ஒன்றை அவர் பயன்படுத்தினார். 1970இல் பத்மஸ்ரீ விருது அவரைத் தேடிவந்தது.

அண்மைக் காலத்துக்கு வருவோம். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் ஆண்டுதோறும் நடத்தும் வனவிலங்குப் புகைப்படப் போட்டி உலகப் புகழ் வாய்ந்தது. அதன் 2019ஆம் ஆண்டுப் போட்டியில் பொதுமக்கள் வாக்களித்துத் தேர்ந்த படம் எது தெரியுமா? லண்டன் நிலத்தடி இரயில் நிலையத்தில் ஓர் உணவுத்துணுக்குக்காக இரு சுண்டெலிகள் பின்னங்காலில் எழுந்து மல்லுக்கட்டும் காட்சி. சாம் ரௌலி என்னும் இளைஞர் பல இரவுகள் நடைமேடைத் தரையில் படுத்துக் காத்திருந்து அதை எடுத்தார். 2021இல் அப்போட்டியின் இளையோர் பிரிவில் முதன்மை விருது பெற்றவன் பெங்களூரைச் சேர்ந்த பத்து வயதுச் சிறுவன். அவன் எடுத்தது சுவர்ப் பொந்தில் வலைபின்னியிருந்த ஒரு சிலந்தி. பின்னணியில் தெருவிற் சென்ற ஆட்டோவின் நிறங்கள். நம் தெருவில் ஆட்டோவுக்குப் பஞ்சமா, சிலந்திக்குப் பஞ்சமா? பத்து வயதில் கையில் நல்ல காமிரா இருப்பது வேறு செய்தி. அதற்குப் பிறகு வருவோம்.

பொதுவாய்க் கிடைப்பதை ஏன் எடுக்கவேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதைச் சொல்ல நம் குடும்பக் கதையைத் தொடவேண்டியிருக்கிறது.

எம் பாட்டனார் ஊரில் செத்த மாட்டை இழுத்துச் சென்று அகற்றும் வேலைக்குக் கட்டுப்பட்டிருந்தவர். மகத் மாநாட்டில் அண்ணல் அம்பேத்கர், செத்த மாட்டின் இறைச்சியை உண்பதை விடுங்கள், இழிதொழிலை உதறுங்கள் என்று மக்களைக் கேட்டுக்கொண்டார். அச்சொல் எம் ஊருக்கு வந்துசேர ஒரு தலைமுறை பிடித்தது. எம் தந்தையார்தான் மறுத்தார். ஊரார் கூலிவேலை தரமாட்டோம் என்றனர். இரண்டு பருவம் குடும்பம் பட்டினி கிடந்தது. அவர் அசையவில்லை. மறுத்த அந்த ஆண்டில் மந்தைவெளியில் ஒரு மாடு கிடந்ததும், வானத்திலிருந்து பாறுக் கழுகுகள் வட்டமிட்டு இறங்கியதும், ஒரு பொழுதில் எலும்புக்கூடு மட்டும் எஞ்சியதும் எம் சிறுவயது நினைவு. மனிதரையும் கழுகையும் நாம் ஒப்பிடவில்லை. மனிதரைக் கழுகின் வேலைக்கு விதித்தது கொடுமை. கழுகுக்கோ அது இயற்கையளித்த உணவு.

இங்கே அமர்ந்திருக்கும் இளைஞர்களில் நம் ஊர் வானத்தில் பாறுவைக் கண்டவர் கையுயர்த்துங்கள். ஒருவருமில்லை. இருக்கவும் முடியாது. வெண்முதுகுப் பாறு இந்தியாவில் 1992க்கும் 2007க்கும் இடையே ஆயிரத்தில் ஒன்றாகக் குறைந்தது. காரணத்தை 2004இல் ஆய்வாளர் வெளியிட்டனர். மாட்டுக்கு வலிநீக்கியாகக் கொடுத்த டைக்ளோஃபெனாக் என்னும் மருந்து, இறந்த மாட்டின் உடலில் தங்கி, அதைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்தது. 2006இல் கால்நடைகளுக்கு அம்மருந்து தடைசெய்யப்பட்டது. தமிழ்நாட்டில் இன்று நீலகிரி மாவட்டத்து மோயாற்றுப் பள்ளத்தாக்கில்தான் அவை கூடுகட்டி வாழ்கின்றன. பாறுகள் மறைந்ததால் அழுகிய உடல்கள் எங்கும் கிடந்து, நீர் கெட்டு, நாய்கள் பெருகின. 2000 முதல் 2005 வரையிலான ஐந்தாண்டுகளில் ஏறத்தாழ 5 இலட்சம் மனிதர்கள் கூடுதலாக இறந்தனர் என்று 2024இல் வெளியான ஒரு பொருளியல் ஆய்வு மதிப்பிட்டது. அகற்றுவோரை இழிவென்று நினைத்த நாடு, அகற்றும் பறவை போனபின் கொடுத்த விலை அது.

எம் ஊர் மந்தைவெளிப் பாறுகளின் படம் ஒன்றுகூட எங்கும் இல்லை. நூற்றுக்கணக்கில் இருந்தவை. எப்போதும் இருக்கும் என்று எண்ணினோம். காமிரா வைத்திருந்தவர்களோ அவற்றை அருவருத்தார்கள். எம்மிடமோ காமிரா இல்லை.

இனிச் சோற்றுக் கேள்வி.

நெடுந்தொலைவு லென்ஸ்களில் உயர்ந்தவற்றின் விலை பத்து இலட்சம் ரூபாயைத் தாண்டும். நவம்பரில் தொடங்கும் பருவத்தில் நம் மாவட்டத்து வேடந்தாங்கலுக்கும் கரிக்கிலிக்கும் வரும் கார்களைப் பார்த்தாலே இக்கலை யார் கையில் இருக்கிறது என்று விளங்கும். இதைக் கண்டு அஞ்சுவதும் தவறு, இல்லையென்று பாவிப்பதும் தவறு. தொலைவில் உள்ள அரிய விலங்கை எடுக்கத்தான் அந்த லென்ஸ் வேண்டும். நம்மோடு பழகிய உயிர்கள் பத்தடியில் நிற்கின்றன. அணிலுக்கும் ஓணானுக்கும் எருமைக்கும் பழைய காமிரா போதும். தொடங்குவதற்குக் கைப்பேசியும் போதும். வேடந்தாங்கலையே எடுத்துக்கொள்ளுங்கள். பறவை எச்சம் கலந்த ஏரிநீர் பயிருக்கு உரமாகும் என்றறிந்து, தலைமுறை தலைமுறையாகப் பறவைகளைக் காத்தவர்கள் ஊர் மக்களே. காரில் வந்தவர்கள் அங்கே பார்க்க வருவது அந்தக் காவலின் பயனைத்தான்.

வருவாய் எங்கிருந்து வரும்? முதற் சில ஆண்டுகள் திருமண வீட்டிலிருந்துதான் வரும். இதைச் சொல்ல வெட்கப்படவேண்டியதில்லை. காட்டுப் படத்துக்குப் பேர்பெற்ற பலர் வேறு வேலையால் வயிறு வளர்த்தவர்களே. கைப்பேசி பெருகிய பிறகு தனிப்படங்களின் விலை வீழ்ந்துவிட்டது. ஒற்றைப் படத்தை விற்று வாழலாம் என்று எவரேனும் சொன்னால் நம்பாதீர்கள். விலைபோவது கதை. ஒரே உயிரை ஓராண்டு முழுதும் தொடர்ந்து எடுத்து, நாள், இடம், நேரம், அது செய்தது என்ன என்று குறிப்பேட்டில் எழுதிவைப்பவனிடம் இதழ்களும், பாடநூல் வெளியிடுவோரும், ஆவணப்படம் எடுப்போரும் வருவார்கள். ஆய்வாளர்களும் வருவார்கள், புலிக் கணக்கெடுப்பே இன்று தானியங்கிக் காமிராக்களைக் கொண்டு நடக்கிறது, அவற்றைக் காட்டில் பொருத்திப் பேணக் கைதேர்ந்த ஆட்கள் வேண்டும். முறையாகப் பயில விரும்புவோர்க்குச் சென்னைத் தரமணியிலுள்ள அரசு திரைப்படப் பயிற்சி நிறுவனமும், வனவுயிர் அறிவியலுக்கு மயிலாடுதுறை அருகே மன்னம்பந்தலிலுள்ள கல்லூரியும் உண்டு. 1974இல் தொடங்கிய தாட்கோ நிறுவனம் நம் இளைஞர்களின் சுயதொழிலுக்கு மானியத்தோடு கடனுக்கு வழிசெய்கிறது. விண்ணப்பம் எழுத நம் கழக அலுவலகத்தில் ஞாயிறுதோறும் ஆள் இருப்பார்.

பார்க்கும் அறிவு தொழிலாகுமா என்ற ஐயம் இருந்தால், பக்கத்திலுள்ள வடநெம்மேலிக்குச் சென்று வாருங்கள். பாம்பு பிடிப்பதைத் தலைமுறைத் தொழிலாகக் கொண்ட இருளர் மக்கள் 1978இல் அங்கே கூட்டுறவுச் சங்கம் கண்டார்கள். பாம்பைக் கொல்லாமல் நஞ்சை மட்டும் எடுத்து, கடிக்கு மருந்து செய்யக் கொடுக்கிறார்கள். அவர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரும் 2017இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துக்கு மலைப்பாம்பு பிடிக்க அழைக்கப்பட்டார்கள். 2023இல் இருவர்க்கும் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. தடம் பார்த்து, மண் பார்த்து, உரிந்த சட்டை பார்த்துப் பாம்பிருக்கும் இடத்தைச் சொல்லும் கண்களுக்குக் கிடைத்த சிறப்பு அது.

ஏமாறாதிருக்க ஒரு செய்தி. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச்சொன்ன புகைப்படத்தின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிடில், சொன்னவருக்கே சேரும். எனவே வேலையை ஏற்கும் முன்பே உரிமை யாருடையது, பெயர் போடுவார்களா என்பதை எழுத்தில் வாங்குங்கள். நாம் எழுதி வாங்காததால், நம் மடையான் படம் ஒரு நாட்காட்டியில் பன்னிரண்டு மாதமும் தொங்கியும் நம் பெயர் ஓர் ஓரத்திலும் வரவில்லை. அந்த நாட்காட்டியை அச்சிட்டவரிடமிருந்தே ஒரு பிரதியைக் காசு கொடுத்து வாங்கினோம்!

சரணாலயங்களுக்குள் படமெடுக்க வனத்துறையின் அனுமதி வேண்டும், வாங்கிக்கொண்டே செல்லுங்கள். அனுமதி தேவைப்படாத ஏரிக்கரையிலும் சில செயல்கள் ஆகா. கூட்டை மறைக்கும் கிளையை ஒடிக்கக்கூடாது. ஒடித்தால் நாம் சென்றபின் குஞ்சைப் பருந்தெடுத்துப்போம். முட்டையையோ குஞ்சையோ கையிலெடுத்து வைத்துப் படம் பிடிப்பவனை நம் மாணவன் என்று சொல்லமாட்டோம். கூட்டருகே செல்வது நமக்கும் ஆபத்து: புகழ்பெற்ற ஆங்கிலப் பறவைப் புகைப்படக்காரர் எரிக் ஹாஸ்கிங் 1937இல் ஒரு சாதாரண ஆந்தையின் நகம் பட்டு ஒரு கண்ணை இழந்தார். மற்றொரு கண்ணோடு அரைநூற்றாண்டு தொழில் செய்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

மூதாட்டியாருக்கு நாம் என்ன விடை சொன்னோம் என்று கேட்பீர்கள். அன்று ஒன்றும் சொல்லவில்லை. சில மாதங்கள் கழித்து அவரையும் அவர் வளர்த்த வெள்ளாட்டையும் திண்ணையில் சேர்த்துவைத்து ஒரு படமெடுத்துக் கொடுத்தோம். முகத்தை வெளுக்கவைக்கவில்லை. சுருக்கம் ஒவ்வொன்றும், ஆட்டின் கண்ணில் திண்ணைத் தூணின் நிழலும் அதில் விழுந்திருந்தன. நெடுநேரம் பார்த்தார். "நான் இப்படியா இருக்கேன்?" என்றார். "ஆமாம் ஆயா" என்றோம். "நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லிப் படத்தை அண்ணல் அம்பேத்கர் படத்துக்குக் கீழே மாட்டச் சொன்னார்.

பொங்கல் நாட்களில் தமிழகமெங்கும் ஆர்வலர்கள் பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். அதற்குப் பயிற்சியாக, வரும் ஞாயிறு காலை ஐந்தரை மணிக்கு ஏரிக்கரைக் கீழ்மடையருகே கூடுவோம். காமிரா இல்லாதவரும் வரலாம்; கழகத்தின் இரண்டு காமிராக்களை முறைவைத்துப் பயன்படுத்துவோம். குறிப்பேடு மட்டும் தவறாமல் கொண்டுவாருங்கள். பளிச்சென்ற நிறத்தில் சட்டை வேண்டாம். மடையான் அங்கே நமக்கு முன்பே வந்து நிற்கும். முதலில் அதைக் கண்டுபிடிப்பவர்க்குக் கழகத்தார் தேநீர் வாங்கித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.